ஆண்டுக்கணக்கில் ஊறும் ஏல்: ஓக் மரமும் கடும் பியரும் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

காலையில் இறக்கிய பனங்கள்ளு பின்னேரமே புளிப்பேறும், இரண்டு நாள் விட்டால் வினாகிரிதான் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே நொதித்தலில் பிறக்கும் ஏல் என்ற ஒருவகை பியரை இங்கிலாந்தின் பெரிய பண்ணை வீடுகளில் வாரிசு பிறந்த ஆண்டில் காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் அடைத்து, அந்தப் பிள்ளைக்கு 21 வயது நிரம்பும் நாளில்தான் திறந்தார்கள். 1869இல் பேர்ட்டன் நகரின் பாஸ் பியர் ஆலையில், பங்காளிகளான ராட்கிளிஃப் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்ததைக் கொண்டாடக் காய்ச்சிய ஏலின் போத்தல்களை இந்த நூற்றாண்டில் திறந்து சுவைத்தவர்கள் இருக்கிறார்கள். 1902இல் ஏழாம் எட்வேர்ட் மன்னர் அதே ஆலைக்கு வந்தபோது காய்ச்சிய ‘கிங்ஸ் ஏல்’ போத்தல்களும் இன்னும் அங்கங்கே இருக்கின்றன.

கள்ளு இரண்டு நாளில் கெடுகிறது, ஏல் நூறு ஆண்டு தாண்டுகிறது. இரண்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் ஒரே இன மதுவம் (ஈஸ்ற்)தான். அப்படியென்றால் வேறுபாடு எங்கே என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன்.

இதை எழுதத் தூண்டியவர் ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர். மகளின் கலியாணத்துக்கென்று பேஸ்மென்றில் ஒரு கடும் ஏல் காய்ச்சி வைத்திருக்கிறார். “மச்சான், இப்ப வாயில வைக்கேலாது, காரமாக் கிடக்கு. அடுத்த ஆவணிக்கு வந்து குடிச்சுப் பார்” என்று தொலைபேசியில் சொன்னார். இங்கே நம்மில் பலருக்கு இப்படி லண்டனிலோ கனடாவிலோ காய்ச்சும் உறவினர் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் வீட்டில் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. கனடாவிலும் சொந்தப் பாவனைக்குத் தடையில்லை. இலங்கையில் நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். வீட்டுக்குள் சிறிதளவு காய்ச்சினாலும் அதே கதைதான். ஆகவே அளவுகளும் வெப்பநிலைகளும் கீழே வந்தாலும், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்வதற்காகவும், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்கள் செய்வதற்காகவும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கள்ளையே பார்ப்போம், ஏனென்றால் அதில் எல்லாப் பாத்திரங்களும் இருக்கிறார்கள். சீவிய பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும். கருப்பநீர் கிடைக்கும், பனங்கட்டி காய்ச்சலாம். சுண்ணாம்பு இல்லையென்றால் மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் இருக்கும் மதுவம் சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. வெள்ளை நுரை பொங்குவது அந்த வாயுவால். கூடவே இலக்திக் அமில பற்றீரியாக்கள் புளிப்பைக் கொண்டுவருகின்றன. கடைசியாக அசற்றிக் அமில பற்றீரியா வந்து, காற்றிலுள்ள ஒட்சிசனைக்கொண்டு மதுசாரத்தை வினாகிரியாக மாற்றுகிறது. தவறணையில் பிளாவில் ஊற்றித் தரும் கள்ளு, இந்த மூன்று கூட்டமும் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பானம். அதன் உயிரும் அழகும் அதுதான். யாரையும் தடுக்க ஆளில்லாததால் நாளைக்கு வைக்க முடியாது.

கடும் ஏல் என்பது மதுவத்தை மட்டும் உள்ளே விட்டு மற்ற இரண்டு கூட்டத்தையும் வாசலில் நிறுத்தும் வேலை. தடுப்பு ஒன்றல்ல, பல.

முதல் தடுப்பு கொதிக்க வைப்பது. ஏலின் சர்க்கரை பார்லியிலிருந்து வருகிறது. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: பார்லித் தண்ணி வைக்கக் கடையில் வாங்கும் வெள்ளைப் பார்லி இதற்குச் சரிவராது. அது தோல் தீட்டியது, முளைக்காது. ஏலுக்கு வேண்டியது தண்ணீரில் நனைத்து, முளைவிடச் செய்து, சரியான தருணத்தில் உலர்த்திய பார்லி. அதற்குத்தான் மோல்ற் என்று பெயர். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. நொறுக்கிய மோல்ற்றை 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையான தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால் அந்த நொதியங்களே மாப்பொருளைச் சர்க்கரையாக வெட்டிவிடும். வடித்தெடுத்த சாற்றை ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ கொதிக்க வைப்பார்கள். கள்ளின் சாற்றை யாரும் கொதிக்க வைப்பதில்லை. இங்கே கொதிப்பிலேயே வேண்டாத நுண்ணுயிர்கள் அனேகமாக எல்லாம் அழிந்துவிடுகின்றன.

இரண்டாவது தடுப்பு ஹொப்ஸ். ஒரு கொடியின் பச்சை நிறப் பூங்கூம்பு அது. கொதிக்கும் சாற்றில் போட்டால் அதன் பிசின் அமிலங்கள் உருமாறிக் கசப்பாகக் கரைகின்றன. அந்தக் கசப்பு சுவைக்கு மட்டுமல்ல, இலக்திக் அமில பற்றீரியாக்களில் பெரும்பாலானவற்றை வளரவிடாது. மதுவத்துக்கு அதனால் பாதகமில்லை.

மூன்றாவது தடுப்பு மதுசாரமே. இங்கேதான் “கடும்” என்ற அடைமொழி வருகிறது. சாதாரண பியர் 4, 5 வீதம். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த லயன் ஸ்டவுட் 8.8 வீதம். கொண்டாட்டத்துக்கென்று வைத்திருக்கும் ஏல் பெரும்பாலும் 9க்கும் 12க்கும் இடையில் நிற்கும். அந்த அளவில் பல நுண்ணுயிர்களால் தலைதூக்க முடியாது. அதை எட்டச் சர்க்கரை நிறைய வேண்டும். பனஞ்சாற்றில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு, அதாவது நூறு கிராம் சாற்றில் சுமார் 24 கிராம். 20 லீற்றர் ஏலுக்குச் சாதாரணமாக நாலைந்து கிலோ மோல்ற் போதும் என்றால், இதற்குப் பத்துக் கிலோவை அண்டி வேண்டும்.

எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை அளக்க நீரமானி என்ற கண்ணாடிக் கருவி உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்கள். அடியில் பாரம் வைத்த ஒரு குழாய். திரவம் அடர்த்தியாக இருந்தால் உயரமாக மிதக்கும், ஐதாக இருந்தால் தாழும். சுத்தத் தண்ணீரில் 1.000 காட்டும். கடும் ஏலின் சாறு நொதிக்கும் முன் 1.100 காட்டினால், நொதித்து முடிந்தபின் 1.025க்கு இறங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான 0.075ஐ 131.25ஆல் பெருக்குங்கள்: 9.84. அதுதான் மதுசார வீதம். சர்க்கரை முழுவதையும் மதுவம் தின்பதில்லை. மதுவத்தால் வெட்டமுடியாத நீண்ட சர்க்கரைகள் மிஞ்சி, ஏலுக்குத் தடிப்பையும் மெல்லிய இனிப்பையும் தருகின்றன.

நான்காவது, மூடி. நொதிக்கும் கலத்தின் வாயில், உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத, தண்ணீர் நிறைத்த சிறு வளைகுழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அசற்றிக் அமில பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாமல் வேலை இல்லை. ஆறிய சாற்றில் மதுவத்தைப் போடும் அந்த ஒரு தடவை மட்டும் நன்றாகக் குலுக்கிக் காற்றை உள்ளே சேர்க்கவேண்டும், ஏனென்றால் மதுவம் பெருக ஒட்சிசன் தேவை. நொதிக்கத் தொடங்கியபின் காற்றுப் பட்டால் நட்டம்தான்.

இனி வெப்பம். யாழ்ப்பாணத்தில் ஏல் காய்ச்சுவது ஏன் கடினம் என்று கேட்டால், சட்டத்துக்கு அடுத்த காரணம் இதுதான். ஏல் மதுவம் 18 முதல் 20 பாகையில் ஒழுங்காக வேலை செய்யும். நம் வீட்டு அறை 30 பாகையைச் சுற்றியே இருக்கும். போதாததற்கு நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும். சர்க்கரை கூடின சாறு சுற்றுப்புறத்தைவிட ஐந்து பாகைவரை சூடேறும். சூட்டில் மதுவம் அவசரப்படும். அவசரத்தில் உயர் மதுசாரங்கள் என்ற பக்க விளைவுகள் கூடும். அவை தொண்டையில் எரியும், மறுநாள் தலையிடி தரும் என்றும் சொல்வார்கள். சாதாரண பியரில் இது ஒரு குறை. கடும் ஏலில் அது பானத்தையே பாழாக்கிவிடும், ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் முழுதாக மாறாது. ரொறன்ரோ பேஸ்மென்ற் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த இடம். தமிழ்நாட்டிலோ சிங்கப்பூரிலோ காய்ச்சுபவர் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுடன் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் கலத்தை வைக்கவேண்டும். மதுவத்தையும் கஞ்சத்தனம் பாராமல் இரண்டு மடங்கு போடவேண்டும். குறைவாகப் போட்டால் பாதி வழியில் களைத்து நின்றுவிடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நமக்கு நெருக்கமான விஷயம். குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கியவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தண்ணீரின் குணம் தெரியும்: இருகாபனேற்று கூடிய கடினநீர். இது மோல்ற் ஊறும்போது அமிலத்தன்மையைக் குறைத்து நொதியங்களின் வேலையைத் தடுக்கும். வடிக்கும்போது உமியின் துவர்ப்பையும் இழுத்துவரும். கறுக்க வறுத்த மோல்ற்றில் இயல்பாகவே அமிலம் உண்டு. அதனால் இப்படிப்பட்ட நீருக்குக் கறுப்பு பியர்தான் பொருந்தும். பேர்ட்டன் நகரத்துத் தண்ணீரும் கடினநீர்தான், ஆனால் அங்கே மிகுந்திருப்பது கல்சியம் சல்பேற்று. அது கசப்பை எடுப்பாகக் காட்டும். வெளிறிய ஏலுக்கு அந்த ஊர் பெயர் போனதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவும் சேர்ந்து ஏலைக் கெடாமல் வைக்கும். கெடாமல் இருப்பது மட்டும் போதாது, நன்றாகவும் ஆகவேண்டும். ஓக் மரம் வருவது இந்த இடத்தில்.

பீப்பாய்க்கு ஏன் ஓக்? பெரும்பாலான மரங்களின் தண்டில் நீர் போகும் நுண்குழாய்கள் திறந்தே இருக்கும். பலகையாக்கிப் பீப்பாய் கட்டினால் ஒழுகும். வெள்ளை ஓக்கின் வைரத்தில் அந்தக் குழாய்கள் மரமே உண்டாக்கிய சவ்வுகளால் அடைபட்டிருக்கும். செந்நிற ஓக்கில் அப்படி இல்லை, ஆகவே அது பீப்பாய்க்கு உதவாது. நம் நாட்டிலும் இப்படி ஒரு மரம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சாவண்டலை என்றும் சொல்வது. ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலை மரம் என்ற பெயரில் ஏற்றுமதியானது. தென்னஞ்சாராயத்தை முதிரவைப்பது பெரும்பாலும் அந்த மரப் பீப்பாய்களில்தான். திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயத்தை அறிந்த வடமராட்சிக்காரருக்கு வடித்தல் புதிதல்ல. மரத்தில் வைத்து முதிரவிடும் பொறுமைதான் இங்கே நாம் பேசும் விஷயம்.

பலகையை வளைக்கப் பீப்பாய் கட்டுபவர்கள் உட்புறத்தில் நெருப்பு மூட்டுவார்கள். அந்த நெருப்பு பலகையை இளக்குவதோடு மரத்தின் வேதியியலையும் மாற்றுகிறது. மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் உடைந்து வனிலின் உண்டாகிறது. வனிலா ஐஸ்கிறீமில் நாம் முகரும் அதே பொருள். மரத்தின் அரைச்செலுலோசு உருகிக் கருகி, காய்ச்சிய சீனிப்பாகின் வாசம் தருகிறது. கராம்பின் வாசத்துக்குக் காரணமான இயூஜினோல் ஓக்கிலும் உண்டு. தேங்காய் வாசம் தரும் இலக்ரோன் ஒன்றும் உண்டு. ஐரோப்பிய ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் அது தூக்கலாக இருக்கும். யாழ்ப்பாணத்து மூக்குக்கு இவற்றில் எதுவும் அந்நியமில்லை. இவற்றோடு தேயிலைச் சாயத்தில் இருப்பதுபோன்ற தனின்களும் வரும். அளவாக வந்தால் ஏலின் இனிப்பைச் சமன்செய்யும், மிஞ்சினால் நாக்கு வரண்டுபோகும்.

அமெரிக்கச் சட்டப்படி பேர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலத்தில்தான் வைக்கவேண்டும். ஒருமுறை பாவித்த பீப்பாயை அவர்கள் மறுபடி பேர்பனுக்கு எடுக்க முடியாது. அதனால்தான் உலகமெங்கும் ஸ்கொட்ச் ஆலைகளுக்கும் பியர் ஆலைகளுக்கும் அவை போய்ச் சேர்கின்றன. பலகைக்குள் ஊறிக்கிடக்கும் விஸ்கியும் ஏலுக்குள் இறங்கும்.

வீட்டில் காய்ச்சுபவர்கள் முதலில் ஆசைப்படுவது அழகான ஐந்து லீற்றர் குட்டிப் பீப்பாய்க்கு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் கணக்கு. பீப்பாய் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் மரப்பரப்புக் கூடும். வைன்காரர்களின் வழமையான 225 லீற்றர் பீப்பாயோடு ஒப்பிட்டால், ஐந்து லீற்றர் பீப்பாயில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு மரம் படுகிறது. ஓராண்டில் மெல்ல வரவேண்டிய மரச்சுவை சில வாரங்களில் வந்து குவியும். ஆனால் பீப்பாயின் மற்ற வேலை, அதாவது பலகை வழியே ஒட்சிசன் நுண்ணளவில் கசிந்து காரத்தை அடக்கி, உலர்ந்த முந்திரிகைப்பழம், பேரீச்சம்பழம் போன்ற வாசங்களைத் தட்டியெழுப்புவது, அவ்வளவு விரைவில் நடக்காது. மரம் முந்திவிடும், காலம் பிந்திவிடும்.

அதைவிட நல்ல வழி, கடைகளில் விற்கும் வாட்டிய ஓக் துண்டுகள். சீவல்களாகவும் வரும், ஒரு சென்ரிமீற்றர் அளவுக் கட்டிகளாகவும் வரும். சீவல் ஓரிரு வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடும். கட்டிதான் நல்லது. வெளிப்பக்கம் கருகி, உள்ளே போகப் போக வெளிறி இருப்பதால் பல தரத்து வாட்டத்தின் சுவையும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். 20 லீற்றருக்கு 40 முதல் 60 கிராம் போதும். முதலில் அவற்றை ஒரு போத்தலில் இட்டு மூழ்கும்வரை சாராயம் ஊற்றி இரண்டு வாரம் வைப்பார்கள். கிருமி போகும், கடுந்துவர்ப்பும் சற்றுக் கழியும். என் மைத்துனர் பேர்பனுக்குப் பதிலாக நம்மூர்த் தென்னஞ்சாராயத்தில் ஊறவைத்திருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. சாராயம் ஏற்கெனவே சாவண்டலை மரத்தில் இருந்தது. இப்போது ஓக்கில் ஏறி ஏலுக்குள் போகிறது.

நொதித்து முடிந்த ஏலை அடிமண்டியிலிருந்து பிரித்து, காற்றுப் படாமல் இன்னொரு கலத்துக்கு மாற்றியபின் கட்டிகளைப் போடவேண்டும். ஆறு முதல் எட்டு வாரம். கிழமைக்கு ஒருதடவை ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுவைக்கவேண்டும். முதலில் அறுத்த பலகை வாசம்தான் வரும், பயப்படத் தேவையில்லை. பிறகு அது பின்வாங்கி வனிலாவும் தேங்காயும் முன்னுக்கு வரும். மரச்சுவை நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஏனென்றால் போத்தலில் இருக்கும் மாதங்களில் அது தணியும்.

பழைய மரப் பீப்பாயில் ஒரு விருந்தாளியும் குடியிருப்பதுண்டு. டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையில் வேலைசெய்த கிளவுசன், நெடுநாள் வைத்த ஆங்கில ஏல்களின் தனிச் சுவைக்குக் காரணமான இன்னொரு மதுவத்தைப் பிரித்தெடுத்து 1904இல் அறிவித்தார். பிரித்தானியப் பூஞ்சை என்ற பொருளில் பிரெற்றனோமைசிஸ் என்று பெயரிட்டார். சாதாரண மதுவம் மிச்சம் விட்ட சர்க்கரையையும் அது மெல்லமெல்லத் தின்னும். தோல், பழைய புத்தகம், தொழுவம் என்றெல்லாம் வர்ணிக்கும் வாசங்களைத் தரும். சிலர் விரும்பி வளர்ப்பார்கள். தொடக்கக்காரர் அதை வீட்டுக்குள் விடாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் ஒருமுறை பிளாஸ்ரிக் குழாய்களில் ஏறிவிட்டால் லேசில் போகாது.

போத்தலில் அடைக்கும்போது ஒரே ஒரு ஆபத்து உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். நொதித்தல் முடியாமல் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். நீரமானி இலக்கம் பல நாள் இடைவெளியிலும் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின்தான் அடைக்கவேண்டும். வெறும் சாராயப் போத்தலைப் பாவிக்கவே கூடாது, அது அமுக்கத்தைத் தாங்கச் செய்ததல்ல. தடித்த பியர்ப் போத்தலும் உலோக மூடியும்தான் வேண்டும். மெல்லிய நுரைக்காக 20 லீற்றருக்கு 80 முதல் 100 கிராம் சீனியும், மாதக்கணக்கில் கிடந்து களைத்த மதுவத்துக்குத் துணையாகப் புது மதுவம் சிறிதளவும் சேர்ப்பார்கள்.

இனி நாட்கணக்கு. ஆவணியில் கலியாணம் என்றால் அதற்கு முந்திய ஆண்டு ஆடிக்குள் காய்ச்சி முடிக்கவேண்டும். நொதிக்க மூன்று கிழமை, ஓக்கில் இரண்டு மாதம், மீதி முழுவதும் போத்தலில். மணவறைப் பக்கம் இதற்கு இடமில்லை என்பது தெரிந்ததே. நாலாம் சடங்கு விருந்துதான் பொருத்தமான நாள். இறைச்சிக்கறியின் உறைப்போடு இந்த ஏலின் இனிப்பு நன்றாகப் போகும். நத்தார் கொண்டாடும் குடும்பங்களுக்கு ரிச் கேக் ஒரு துண்டே போதும்.

பரிமாறும் அளவைப் பற்றி அக்கறையோடு சொல்கிறேன். 10 வீத ஏலில் 150 மில்லிலீற்றர் குடித்தால், 5 வீத பியர் 300 மில்லிலீற்றர் குடித்ததற்குச் சமன். கண்ணாடிக் கிண்ணம் சிறிதாக இருக்கட்டும். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு ஊற்றக் கூடாது. பனிக்கட்டி போலக் குளிரவைத்தால் ஓக்கின் வாசம் ஒன்றும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்றுப் பொறுத்து, 12 முதல் 14 பாகையில் ஊற்றுவது சரி. நம்மூர் வெக்கைக்கு கால் மணித்தியாலமே போதும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தால், பயணத்தில் குலுங்கிய மண்டி அடங்கும்வரை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, குளிரவிட்டு, போத்தலைச் சரித்து நிதானமாக ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். கடைசி விரலளவு மண்டியைப் போத்தலிலேயே விட்டுவிடலாம். இன்னும் சில ஆண்டு வைக்கலாம் என்று அதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள்: 13 பாகை நிலவறையில் பத்தாண்டு தாங்கும் ஏல், 30 பாகை அறையில் அதில் பாதிக் காலம்கூடத் தாங்காது.